தொகுப்பு வீடுகளும் கூட்டு வாழ்வும்

(கல்விச் சங்க வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு ‘அரசுக் குடியிருப்புகளில் சமுதாய வளர்ச்சிப் பணிகள்’ என்பதாகும். அழைப்பிதழில் இதனைக் கண்டதும் எனக்குச் சற்றே அச்சம் உண்டாயிற்று. இஃது அலுவலர்களும் ஆய்வாளர்களும் பேசவேண்டிய பொருள். நானோ முப்பதாண்டுக் காலமாகக் கரும்பலகையின் முன் நிற்பவன். எனினும், தொகுப்பு வீட்டிலே வளர்ந்தவன் என்ற ஒரு தகுதி எனக்கு உண்டு. அதனை முன்வைத்தே பேசத் துணிகிறேன். என் பேச்சின் இறுதியில் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. அஃது அவர்களுக்கு முழு மகிழ்ச்சி தருமோ என்னவோ, அறியேன்.

என் பிள்ளைப் பருவம் பாலக்கோட்டுப் பக்கத்தில் ஒரு சிற்றூரின் சேரியிற் கழிந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட குடிசைகள். ஒன்றின் கூரை மற்றொன்றின் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். சுவர் மண், கூரை கரும்புத் தோகை. சற்று வசதியுள்ளவர் தென்னங்கீற்று வேய்வர். ஆடி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் ஒரு கட்டுப்பாடு நடப்புக்கு வந்துவிடும். காற்று எழும்பும் முன்னர், விடியற்காலையிலேயே களி கிளறி முடித்து, அடுப்பில் நீர் தெளித்து அவித்துவிட வேண்டும். இரவு காற்று அடங்கும் வரையில் எந்த வீட்டிலும் புகை எழக்கூடாது. வாசல்தோறும் ஒரு பானை நீர் இருக்கும். பற்றிய கூரையைப் பிரித்து இழுப்பதற்கென்று ஒரு நீண்ட கொக்கிக் கழி; அது தெருவுக்கே பொது. சமுதாய வளர்ச்சி என்று பின்னாளில் பயிற்சி வகுப்புகளில் எனக்குக் கற்பித்தார்களே, அதனை நான் முதன்முதலிற் கண்டது அந்தக் கட்டுப்பாட்டில்தான்.

அவ்வளவு காவல் இருந்தும் என் நினைவறிய இருமுறை எங்கள் தெரு எரிந்தது. யாரும் வைத்த தீயன்று; அடுப்புத் தீதான். இரண்டாம் முறை எரிந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. தகரப் பெட்டி ஒன்றை என் தந்தையார் வெளியே இழுத்துப் போட்டார். என் புத்தகங்கள் அதனுள் இல்லை. மறுநாள் பள்ளியில் ஆசிரியர் என்னை ஒன்றும் கேட்கவில்லை என்பதை நன்றியோடு நினைக்கிறேன்.

1980ஆம் ஆண்டு வாக்கில் எங்களுக்குத் தொகுப்பு வீடுகள் வந்தன. தாட்கோ என்று நாம் சுருக்கமாகச் சொல்லுகின்ற தமிழ்நாடு ஆதி திராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம் 1974இல் தோற்றுவிக்கப்பட்டது. கடனுதவி, தொழிற்பயிற்சி முதலியன எல்லாம் பின்னர் வந்து சேர்ந்தவை. தொடக்கத்தில் அதற்கு இடப்பட்ட பணி ஒன்றே: ஆதி திராவிட மக்களுக்குத் தீப்பிடிக்காத வீடுகளைக் கட்டித் தருதல். ‘நல்ல வீடு’ என்றோ ‘வசதியான வீடு’ என்றோ அவர்கள் சொல்லவில்லை; ‘தீப்பிடிக்காத வீடு’ என்றார்கள். அதற்கு ஆறாண்டுகளுக்கு முன், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவில், கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த உழைப்பாளி மக்கள் 44 பேர் பெண்டு பிள்ளைகளோடு எரிக்கப்பட்டார்கள். அந்த நெருப்பைக் கண்ட நாட்டில் இச்சொல்லுக்கு அடுப்புத் தீயைக் கடந்த ஒரு பொருள் உண்டு என்பதை ஈண்டு விளக்க வேண்டுவதில்லை.

ஒரே அறை, அதன் மூலையில் அடுப்பு, முன்னே சிறு திண்ணை, மேலே கான்கிரீட்டுத் தளம். கழிப்பறை கிடையாது. புதுமனை புகுந்த இரவில் என் பாட்டி உள்ளே படுக்க மறுத்துவிட்டார். “தலைக்கு மேல கல்லு நிக்குது, எப்பிடிக் கண்ணு தூக்கம் வரும்?” என்றார். திண்ணையிலேயே பாய் விரித்துப் படுத்தார். கார்த்திகை அடைமழை வந்த பின்னரே உள்ளே போனார். ஆனால் ஆடி மாதம் நண்பகலில் அடுப்புப் பற்றவைக்கலாம் என்ற உரிமை கிடைத்ததே, அதனை எங்கள் தெருப் பெண்கள் திருவிழாவாகக் கொண்டாடினார்கள். அந்த வீட்டைக் குறை சொல்ல என் நா எழாது. சிம்னி விளக்கைத் தரையில் வைத்துக்கொண்டு அச்சமின்றி இரவு பத்து மணி வரையில் நான் படித்தது அந்தத் தளத்தின் கீழேதான்.

வீட்டுமனைக் கோரிக்கை நேற்றுத் தோன்றியதன்று. செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்கீர் எழுதிய அறிக்கையும், அதனையொட்டி 1892இல் பிறந்த பஞ்சமி நில ஆணையும் இம்மன்றத்தில் பலரும் அறிந்தவை. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளிலே தொழிலாளர் நல ஆணையரின் பொறுப்பில் வீட்டுமனைகள் வழங்கும் வேலை தொடங்கிற்று. அரிசன நலத் திட்டங்களுக்காக நிலம் எடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1978இல் வந்தது. இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் 1985-86இல், முதலில் பட்டியலின மக்களுக்கும் பழங்குடியினருக்கும் மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்கும் என்றே தொடங்கிற்று. பின்னர் அனைத்து ஏழையர்க்குமான திட்டமாகிப் பிரதமரின் வீட்டுத் திட்டமாக 2016இல் பெயர் மாறிற்று. வரலாற்றை இவ்வளவோடு நிறுத்திக் கொள்கிறேன். வரலாறு படித்தவனிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்தால் உணவு வேளை தவறிப் போகும்.

நான் சொல்ல வந்தது வேறு. தொகுப்பு வீடு என்னும் பெயரில் தொகுப்பு இருக்கின்றது. ஆயின் தொகுக்கப்பட்டவை சுவர்களே. அம்மக்கள் ஒன்றுகூடிப் பேசுவதற்கு, கணக்குப் பார்ப்பதற்கு, அரசிடம் ஒரே குரலாகக் கேட்பதற்கு ஓர் ஏற்பாடு அவ்வீடுகளோடு சேர்த்துத் தரப்படவில்லை. தரக்கூடியதும் அன்று என்பீர்கள். உண்மைதான். ஆயினும் எங்கள் தெருவில் முன்பு அஃது இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். தீயச்சம் நீங்கிற்று, அதனோடு கொக்கிக் கழியும் போயிற்று. ஐந்தாறு ஆண்டுகளில் தெருவுக்குப் பொதுவான பொருள் என்று எங்களிடம் ஒன்றும் இல்லாமற் போயிற்று.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். அரசு எங்களுக்கென்று எடுத்த நிலம் எங்கே இருந்தது? ஊரை விட்டு விலகி, ஏரிக் கலங்கல் ஓரத்தில், மழைக்காலத்தில் ஈரம் ஊறும் தாழ்வான இடத்தில். மாவட்டத்தின் பல வட்டங்களிலும் பணியாற்றியிருக்கிறேன். அரூர்ப் பக்கம் பாறை மேட்டில் ஒரு குடியிருப்பு, பென்னாகரத்துப் பக்கம் பள்ளத்தில் ஒன்று. விலைக்குக் கிடைத்த நிலம் அதுவே என்பார்கள். மண்ணால் இருந்த விலக்கம் சிமெண்ட்டால் உறுதியாயிற்று என்பதே என் கருத்து. இதனைத் திருத்தும் முயற்சியாகவே 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவுச் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் 40 ஆதி திராவிடர்க்கு, 25 பிற்படுத்தப்பட்டோர்க்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கு, 10 ஏனையோர்க்கு என்ற பங்கீடு. நோக்கம் உயர்ந்தது. ஆனால் அத்தகைய ஊர்கள் சில நூறு. தனித்து நிற்கும் நம் குடியிருப்புகளோ பல்லாயிரம். நாம் பேச வேண்டியது இந்தப் பல்லாயிரத்தைப் பற்றியே.

சமுதாய வளர்ச்சி என்ற சொற்றொடர் நம் நாட்டில் எவ்வாறு வழக்கிற்கு வந்தது என்பதைச் சிறிது நோக்குவோம். 1948இல் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில், அமெரிக்கக் கட்டடக்கலை அறிஞர் ஆல்பர்ட் மேயர் வகுத்த முறையில், ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கிற்று. கிராம மக்கள் தாங்களே தங்கள் தேவையை உணர்ந்து கூடி உழைத்து முன்னேற வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதே 1948ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய மன்றத்தில் பேசிய அண்ணல் அம்பேத்கர், இந்தியக் கிராமத்தைக் குடியரசின் அடித்தளமாக வைக்க வேண்டும் என்ற கருத்தை மிகக் கடுமையாக மறுத்தார். ஓரிடத்தில் கிராமத்தை ஒரே சமுதாயமாகக் கொண்டு வேலை தொடங்குகிறார்கள். மற்றோரிடத்தில் கிராமம் ஒரே சமுதாயமன்று என்று அடித்துச் சொல்லப்படுகிறது. 1952 அக்டோபர் 2இல் நாடு தழுவிய சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்தபோது, முதற் கருத்தே ஏற்கப்பட்டது. மக்கள் பங்கேற்பு போதவில்லை என்று 1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு கண்டறிந்தது. எங்கள் பாட்டனார் காலத்தில் ஊர்ப் பொதுவானொலி கேட்கப் போன எங்கள் ஆட்கள் தெரு முனையிலேயே நின்று கேட்டுத் திரும்புவார்களாம். அவர்களைக் கேட்டிருந்தால் குழு தேவைப்பட்டிருக்காது.

மாறாக, உண்மையில் பலனளித்த ஒரு முயற்சி நம் தருமபுரி மாவட்டத்திலேயே தொடங்கிற்று. இதனை நம் பிள்ளைகள் பலர் அறியமாட்டார்கள். இன்று தமிழகமெங்கும் பரவியிருக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்கள், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989இல் முதன்முதலாக, கிருஷ்ணகிரியும் பிரியாதிருந்த அந்நாளைய தருமபுரி மாவட்டத்திலேதான் அமைக்கப்பெற்றன. ஏனைய மாவட்டங்களுக்குப் பிறகே சென்றன. எங்கள் காலனியிலும் ஒரு குழு கூடிற்று. என் தாயார் அதில் உறுப்பினர். கையெழுத்திடப் பழகியது அதற்காகத்தான். வாரத்திற்கு ஒருநாள் இரவு, வேலைக்குப் போய் வந்த களைப்போடு, தெருவிளக்கின் கீழ் வட்டமாக உட்கார்ந்து சேமிப்புப் பணத்தை எண்ணுவார்கள். ஆண்கள் கேலி பேசினார்கள். நானும் பேசியவன்தான், அப்போது கல்லூரி மாணவன் என்ற செருக்கு.

அந்தக் குழு ஏன் நிலைத்தது? நிலம் தேவையில்லை, ஊராரின் இசைவு தேவையில்லை, கட்டடம் தேவையில்லை. குறிப்பேடு ஒன்றும் நாணயமும் போதும். பணத்தை எண்ணக் கூடியவர்கள் பையப்பைய மற்றவற்றையும் எண்ணத் தொடங்கினார்கள். ஒன்றைச் சொல்கிறேன்.

நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பது நம் பற்களிலேயே எழுதியிருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. அதனைத் தாண்டிய நீரைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்து, பல்லில் பழுப்பும் முதுமையில் முட்டி மடங்காமையும் பெற்றோம். சப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தது பெருநன்மையே. ஆனால் எங்கள் ஊரில் மேல்நிலைத் தொட்டி ஊருக்குள் நின்றது. காலனி குழாயின் கடைசி முனையில் இருந்தது. காவிரி நீர் எங்கள் முனைக்கு வருவதற்குள் தொட்டி வற்றிவிடும். பெண்கள் வழக்கம்போலப் பழைய அடிபம்பு நீரையே சுமந்தார்கள். குழுவினர் என்ன செய்தார்கள் தெரியுமா? சண்டைக்குப் போகவில்லை. நீர் வரும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும், எத்தனை குடம் நிரம்பிற்று என்பதையும் மூன்று மாதம் நாள் தவறாமல் ஒரு நோட்டில் எழுதினார்கள். எழுதியது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அந்த நோட்டைக் கிராம சபையில் வைத்து வாசித்தபோது மறுமொழி சொல்ல ஒருவராலும் முடியவில்லை. காலனிக்குத் தனி வால்வு வைத்து, முதல் அரைமணி நேரம் எங்களுக்குத் திறப்பது என்று முடிவாயிற்று. இன்றும் சில நாள் தவறுகிறது. தவறிய நாளையும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நகரத்துக் குடியிருப்புகளைப் பற்றி நான் மிகுதியும் அறியேன். ஆயினும் ஓர் எடுத்துக்காட்டைக் கூறாமல் விட மனமில்லை. ஐதராபாத்தில் 1967இல் தொடங்கிய நகர்ப்புறச் சமுதாய வளர்ச்சித் திட்டத்தில், ஊழியர்கள் முதலில் குடிசைப் பகுதிகளில் பாலர் பள்ளி, தையல் வகுப்பு என்று மக்களோடு பழகினார்கள். பின்னர் மனைக்குப் பட்டா பெற்றுத் தந்தார்கள். அதற்கும் பின்னர்தான், கடன் பெற்று மக்கள் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டும் வேலை. வீடு மூன்றாவது படி என்பதைக் கவனியுங்கள். சென்னையில் குடிசை மாற்று வாரியம் 1970இல் வந்ததிலிருந்து, பல இடங்களில் வீடு முதற்படியாகவும் மக்களின் பிழைப்பு கடைசிப் படியாகவும் அமைந்துவிட்டது. நகரின் நடுவில் வேலை செய்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் அடுக்குமாடியில் வைத்தபோது, வேலைக்குப் போய்வரும் தொலைவை யார் சுமப்பது என்ற கேள்விக்கு விடை இல்லாமற் போயிற்று.

இனி, இம்மன்றத்தில் பேசுவதற்கே மனம் கனக்கும் செய்திக்கு வருகிறேன். 2012 நவம்பர் 7ஆம் நாள் மாலை, நம் மாவட்டத்தில் நாய்க்கன்கொட்டாய் அருகே, சாதி கடந்த ஒரு திருமணத்தைக் காரணமாக்கி, நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகள் தாக்கப்பட்டன. 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. மக்கள் ஓடி ஒளிந்து உயிர் தப்பினார்கள். சில நாட்களுக்குப் பின் ஆசிரியர்கள் சிலராகச் சேர்ந்து நாங்கள் அங்கே சென்றோம். நான் எதிர்பார்த்துச் சென்றது சாம்பல் மேடுகளை. கண்டது வேறு. பல வீடுகளில் சுவர் நின்றது, தளம் நின்றது. தீப்பிடிக்காத வீடு சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தது. ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. பீரோ, கட்டில், தொலைக்காட்சிப் பெட்டி, தானியம், துணிமணி, வாசலில் நின்ற வாகனம், எல்லாம் எரிந்திருந்தன. பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள்கள் அவை. கூரையை எரிக்க முடியாத தீ, கூரைக்குக் கீழே சேர்ந்த வாழ்வை எரித்திருந்தது.

கல்விச் செல்வத்தை நெருப்பு அழிக்காது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். நானும் ஆண்டுதோறும் சொல்கிறேன். அன்று முதல் அதைச் சொல்லும்போது என் குரல் சற்றே தாழ்ந்துவிடுகிறது. மதிப்பெண் சான்றிதழ் எரிந்தது, சாதிச் சான்றிதழ் எரிந்தது, குடும்ப அட்டை எரிந்தது, பட்டா எரிந்தது. படிப்பு மண்டையில் இருந்தது. படித்ததற்குச் சான்று சாம்பலில் இருந்தது. நான் அப்போது பணியாற்றிய பள்ளியில் முன்பு படித்த இருவர், சிறிது காலங்கழித்து மாற்றுச் சான்றிதழின் மறுபடி கேட்டு வந்தார்கள். சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். நல்லவேளை, கறையான் அரிக்கவில்லை. பிறந்த நாள், தந்தை பெயர், முகவரி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். அப்பிள்ளைகளில் ஒருவன், “சார், இதை நீங்களே வெச்சிக்கிங்க, எனக்கு நகல் மட்டும் குடுங்க” என்றான். விதி அதற்கு இடம் தராது என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன். விதிப்படி நான் செய்தது சரி. ஆயினும் அவன் கேட்டதுதான் சரியான கேள்வி என்று இன்றுவரை எனக்குத் தோன்றுகிறது. நம் மக்களின் பத்திரங்களை வைக்க வீட்டைத் தவிர வேறோர் இடம் ஏன் இல்லை?

அந்த முகவரிப் பத்தியைப் பற்றியும் ஒரு சொல். ‘காலனி’ என்று எழுதப்பட்டிருந்தால் போதும். அடுத்த பத்தியில் சாதியை எழுதத் தேவையே இல்லை. 2025 ஏப்ரல் 29ஆம் நாள், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அச்சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். வரவேற்கும்போதே நினைவுக்கு வருகிறது: ‘சேரி’ என்பதும் ஒரு காலத்தில் மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்ற பொருளிலேயே வழங்கிய சொல். இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டில் கம்மாணச்சேரியும் உண்டு, பறைச்சேரியும் உண்டு. சொல் கெட்டதா, சொன்னவர் மனம் கெட்டதா? சேரி இழிசொல்லானபோது காலனி வந்தது. காலனி இழிசொல்லாகி இப்போது போகிறது. அடுத்து வரும் பெயரையும் அதே வாய்கள்தாம் ஒலிக்கப் போகின்றன. இன்று பேச்சில் பல இடங்களில் நானே பழக்கத்தால் அச்சொல்லை ஆண்டுவிட்டேன், பொறுத்தருள்க.

இப்போது என் குற்றத்திற்கு வருகிறேன். நம் சங்கம் இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் மாலை நேர வகுப்புகள் நடத்திற்று. நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிற்று. அவர்களில் பெரும்பாலோர் இன்று எங்கே இருக்கிறார்கள்? என்னைப்போல் நகரத்தில் இருக்கிறார்கள். நான் பணியில் சேர்ந்த ஏழாம் ஆண்டில் தருமபுரி நகரில் வாடகை வீடு எடுத்தேன்; பின்னர்ச் சொந்த வீடும் கட்டினேன். தாயார் வர மறுத்துவிட்டார். மாதம் இருமுறை போய்ப் பார்த்து, பணம் கொடுத்து, மோர் குடித்துத் திரும்புவது என் சமுதாயப் பணியாயிற்று.

தொகுப்பு வீட்டின் தளம் நாற்பது ஆண்டில் என்ன நிலைக்கு வரும் என்பது உங்களுக்குத் தெரியும். பூச்சு உதிர்ந்து கம்பி தெரியும். கம்பி துருப்பிடித்து ஊதும். ஊதிய கம்பி சிமெண்ட்டைத் தள்ளும். ஒருநாள் இரவு என் தாயாரின் தலைமாட்டுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு பெரிய வில்லை விழுந்தது. பழுதடைந்த பழைய ஊரக வீடுகளைச் செப்பனிட அரசு 2024இல் தனித் திட்டம் அறிவித்தபோது ஓடோடிப் போய் விண்ணப்பம் எழுதினேன். பட்டா நகல் கேட்டார்கள். தகரப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்தது என் தந்தையார் பெயரில் வழங்கிய மனை ஒப்படை ஆணை. மடிப்பில் கிழிந்து நான்கு துண்டாக இருந்தது. அவர் 1998இல் காலமானார். பெயர் மாற்றம் செய்யப்படவில்லை. அது மட்டுமன்று, அந்த ஒப்படை வட்டக் கணக்கிலேயே ஏறவில்லை. கணினியில் எங்கள் மனை இன்றும் பழைய உடைமையாளர் பெயரிலேயே நிற்கிறது. தெருவில் விசாரித்தேன். ஒரு வீடு நீங்கலாக எல்லா வீட்டின் நிலையும் அதுவே.

ஆயிரக்கணக்கான சான்றிதழ்களில் கையொப்பமிட்ட தலைமையாசிரியன் நான். இருபத்தைந்து ஆண்டுக் காலம் என் தாய் வீட்டுப் பட்டாவைப் பாராமல் இருந்தேன். அலுவலகத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் போய்க் கேட்டதே இல்லையே. ஆண்டுதோறும் சமாபந்தி நடக்கிறது. கிராம சபை 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும் என்று விதி இருக்கிறது. கேட்பதற்கு வாயில்கள் இருந்தன. படித்த நாங்கள் தெருவில் இல்லை. தெருவில் இருந்தவர்களுக்கு எதைக் கேட்பது என்று தெரியவில்லை. நீர்க் கணக்கு எழுதிய பெண்களிடம் ‘மனைக் கணக்கையும் எழுதுங்கள்’ என்று சொல்ல ஒருவரும் இல்லை.

இதன் கேடு கூரையோடு நிற்பதில்லை. 1980இல் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. அக்குடும்பம் இன்று மூன்றாகிவிட்டது. மனை அதே இரண்டரை சென்ட். மகன் திண்ணையை அடைத்து அறையாக்கினான். பேரன் சந்தில் தகரம் போட்டான். புதிய வீட்டுத் திட்டம் எது வந்தாலும் ‘சொந்த மனை உண்டா?’ என்பதே முதற்கேள்வி. கணக்கில் ஏறாத பட்டாவைக் கொண்டு எவனும் அக்கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடியாது. திட்டம் வரும், நம் தெருவின் வழியே நடந்து அப்பால் போய்விடும்.

ஆகவே என் வேண்டுகோள். வெள்ளி விழா நினைவாக ஒரு மண்டபம் எழுப்புவதற்குச் சங்கத்தார் நிதி திரட்டி வருவதை அறிவேன். நானும் ஒரு மாத ஊதியம் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதில் மாற்றமில்லை. மண்டபம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நம் பிள்ளைகளின் திருமணத்துக்கு இடம் மறுக்கப்பட்ட கதைகளைக் கேட்டவன் நான். ஆனால் மண்டபத்தின் மேல்மாடியைச் சில ஆண்டுகள் தள்ளிவைக்கலாம். அந்தப் பணத்தில் ஒரு படித்த இளைஞரை, கூடுமானால் ஒரு பெண்ணை, முழுநேர ஊழியராக அமர்த்துங்கள். நம் சங்கம் வகுப்பு நடத்தும் குடியிருப்புகள் ஒவ்வொன்றிலும் வீடு வீடாகச் சென்று, யார் பெயரில் ஒப்படை, கணக்கில் ஏறியதா, வாரிசு யார், தளத்தின் நிலை என்ன, வீட்டில் எத்தனை குடும்பம் என்று எழுதட்டும். சான்றிதழ், பட்டா அனைத்தின் நகலையும் சங்கத்தில் ஒன்று, கணினியில் ஒன்று என வைக்கட்டும். பிறகு வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், சமாபந்தி மனு என்று ஒவ்வொன்றாகத் தொடரட்டும். மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுதுவதே தமிழ்க் கட்டுரைப் பயிற்சியாகட்டும். ‘நான் கண்ட பொருட்காட்சி’ எழுதியது போதும்.

மேல்மாடிக்குக் கல்வெட்டு வைக்கலாம், பதிவேட்டுக்கு வைக்க முடியாது என்று செயற்குழுவில் ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொன்னார். உண்மைதான். நிதி கொடுத்தவர்களின் பெயரைப் பதிவேட்டின் முதற்பக்கத்தில் எழுதிவிடலாம் என்று விடை சொன்னேன். அவர் இன்னும் இசையவில்லை. இன்று மாலைக் கூட்டத்தில் மீண்டும் பேசுவோம்.

முடிவு எப்படியாயினும், வருகின்ற ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் தெருவில் பள்ளிக் கட்டடத்துத் திண்ணையில் இவ்வேலையைத் தொடங்குகிறோம். நீர்க் கணக்கு எழுதிய அந்தப் பெண் இப்போது இளங்கலை முடித்துவிட்டாள். பதிவேட்டுக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறாள். முதற்பக்கத்தில் என் தந்தையாரின் நான்கு துண்டு ஆணை ஏறப்போகிறது. வருபவர்கள் அவரவர் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து, இருப்பதை எல்லாம் எடுத்து வாருங்கள். கிழிந்திருந்தாலும் கொண்டு வாருங்கள்.